கார்த்திகேசு எழுப்பிய புத்தகச் சுவர்

கார்த்திகேசு தன் வாழ்நாளில் முப்பத்தொரு வருடங்களை ஓட்டை தேடுவதிலேயே கழித்தவர். குறையாகச் சொல்லவில்லை, அவருடைய வேலையே அதுதான். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கையுறையைக் குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் கழித்துக் கட்டிவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர், ஊசிமுனை ஓட்டைகூட அவரிடம் தப்பாது என்று தொழிற்சாலை முழுக்கப் பேர். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றபின் ஈப்போவில் சொந்தமாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கப் போனார். அந்த வீட்டில் சுவர் இல்லை என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

படவில்லை என்றால் முழு உண்மையாகாது. பட்டது. விற்பனைக்கு நின்ற பெண் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள்: ஓப்பன் கொன்செப். பதினோராவது மாடி, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்று, உள்ளே காற்று, வெளிச்சம், விசாலம். குளியலறைக்கு மட்டும் போனால் போகிறதென்று சுவர் வைத்திருந்தார்கள். "ரூமெல்லாம் எங்கம்மா?" என்று கார்த்திகேசுவின் மனைவி பிரமிளா கேட்டதற்கு, "உங்க மனசுல இருக்கு ஆன்ட்டி" என்று அந்தப் பெண் சிரித்தாள். கார்த்திகேசு வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுவருக்காக ஏங்கி வளர்ந்த மனிதர் அவர். பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு இருந்தது, ஆனால் அது கூரை வரை போகாது. முதல் வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் பெண்டாட்டியை யார் என்ன சொல்லித் திட்டினான் என்பதெல்லாம் ஊர்ச் சொத்து. சொந்த வீடு என்று ஒன்று வாங்கினால் கூரையைத் தொடும் சுவருள்ள வீடுதான் என்று பத்து வயதிலேயே சபதம் எடுத்திருந்தார். ஐம்பத்தேழு வயதில் அந்தச் சபதத்தை இப்படி நிறைவேற்றினார்.

குடி வந்து மூன்று மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு துணி அலமாரிக்குப் பின்னால் கட்டிலைப் போட்டுக்கொண்டு, நடுக்கூடத்தில் தூங்குகிறோம் என்ற உண்மையைத் தங்களுக்கே தெரியாமல் மறைத்துக்கொண்டார்கள். தொல்லை தொலைபேசியில் வந்தது.

அவர்களுடைய ஒரே மகள் ஷர்மினி, கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்ட். ஏழு வருடமாக மூன்று பெண்களோடு ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தவள். ஈப்போவில் ஒரு மருத்துவமனை வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது, முடிவு சொல்ல ஐந்து வாரம் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பா, எனக்குனு ஒரு ரூம் இருக்கா? இருந்தா வீட்டோட வந்துடுறேன்" என்றாள்.

"இருக்கும்மா! ஜன்னலோட இருக்கு!" என்றார் கார்த்திகேசு.

ஜன்னல் இருந்தது உண்மை. மகள் பார்த்திருந்ததெல்லாம் இவர் அனுப்பிய படங்கள். படத்தில் எந்த வீட்டுக்குத்தான் குறை தெரியும்? தொலைபேசியை வைத்த கையோடு பிரமிளாவின் முகத்தைப் பார்த்தார். அவள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.  ஏழு வருடம் கழித்து மகள் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாள். அந்த ஆசையில் பொய் வாயில் வந்துவிட்டது. அவள் விடுப்பில் வந்து பார்ப்பதற்குள் அந்தப் பொய்யை மெய்யாக்க மூன்று வாரம் இருந்தது.

சுவர் எழுப்பக் கட்டட நிர்வாகம் விடவில்லை. தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் கூரையில் ஓடுகின்றனவாம், சுவர் வந்தால் பாதி வீடு நனையாமல் எரியுமாம். நிர்வாக அதிகாரி தணிந்த குரலில், "புத்தகத் தட்டு வைக்கலாம் அங்கிள். கூரைக்கு ரெண்டு அடி கீழ நிக்கணும்" என்றார். ஆக, கூரையைத் தொடாத தடுப்பு. நாற்பத்தேழு வருடச் சபதம் சுற்றிச் சுற்றி லயத்திலேயே வந்து நின்றது.

தளவாடக் கடையில் முதுகுப் பலகை இல்லாத உயரமான புத்தகத் தட்டுகள் இருந்தன. நான்கை வரிசையாக நிறுத்தினால் ஓர் அறை பிரிந்துவிடும் என்று கடைக்காரர் படம் காட்டினார். படத்தில் அந்தத் தட்டில் மூன்று புத்தகம், ஒரு பூச்சாடி, ஒரு வெண்கல யானை இருந்தன. ஓட்டைப் பரிசோதகர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். மூன்று புத்தகத்துக்கு நடுவே ஒரு ஆளே நுழைந்து போகலாம்! தன் மகளின் அறையில் இம்மியளவு இடைவெளியும் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தார். பீடோரிலிருந்து பிரமிளாவின் அண்ணன் சன்னாசி லாரியோடு வந்து தட்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டு தயார். நிரப்புவதற்குத்தான் அந்த வீட்டில் இருந்தவை ஒரு பஞ்சாங்கமும் ரைஸ் குக்கரோடு வந்த கையேடும்.

கடவுள் ஒரு பேப்பர் லாமா லாரி உருவத்தில் வந்தார். பழைய பேப்பர் வாங்க வந்திருப்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்தபடி சீனக் கிழவர் ஓட்டி வந்த லாரியில், அன்று பேப்பர் குறைவு, புத்தகம் அதிகம். புந்தோங்கில் காலமான யாரோ ஒரு தமிழாசிரியர் வீட்டிலிருந்து மொத்தமாக ஏற்றியவை. கார்த்திகேசு மேலே ஓடிப் போய் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து லாரியில் ஏறினார்.

உயரம் பத்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பருமன் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இதுதான் தேர்வு. கவிதைகள் எல்லாம் ஒல்லி என்பதால் முதல் சுற்றிலேயே தோற்றன. சிறுகதைகளும் அப்படியே. அகராதிகள் சிறப்பாகத் தேறின. சித்த வைத்தியம் தேறியது. வாத்தியார் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்திருந்தார், அவையும் தேறின. கிழவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க வாத்தியாரா?" என்று மலாயில் கேட்டார். "இல்லை, சுவருக்கு" என்றார் கார்த்திகேசு. தமிழ்ப் புத்தக உலகத்தைப் பற்றி அதற்குப் பிறகு கிழவர் எதுவும் கேட்கவில்லை.

புத்தகங்களின் முதுகு கூடத்துப் பக்கம் இருந்தது, வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே. மகள் பக்கத்துக்குப் பழுப்பேறிய தாள் விளிம்பு போதும். அடுக்கி முடித்ததும் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றார். மகள் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் புத்தகங்களுக்கிடையே எங்கெங்கே கசிகிறது என்று பார்த்தார். கசிந்த இடத்தில் இன்னொரு அகராதியைச் செருகினார். மூன்று நாளில் கசிவு நின்றது. கூடம் பட்டப்பகலில் இருட்டாகி, மத்தியானச் சோற்றுக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று. எந்தக் குன்றைக் காட்டி வீட்டை விற்றார்களோ அந்தக் குன்று இப்போது, இன்னும் வந்து சேராத மகளின் கட்டிலுக்கு மட்டும் காட்சி கொடுத்தது.

அந்தக் கட்டிலைப் போடும்போதுதான் பிரமிளா வாயைத் திறந்தாள்.

"என்னாங்க, புத்தகத்துக்கு நேரா புள்ள காலை நீட்டுமா? சரஸ்வதிங்க!"

நியாயம்தான். கால்பட்ட காகிதத்தைக்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சாதி நாம். மேற்கே நானூறு சரஸ்வதி நிற்கும்போது அங்கே காலை நீட்டலாமா? சரி என்று கட்டிலைத் திருப்பினார். கால் கிழக்கே ஜன்னலைப் பார்த்தது. "உதிக்கிற சூரியனுக்கா?" என்றாள் பிரமிளா. மறுபடி திருப்பினார். தலை வடக்கே வந்தது. வடக்கே தலை வைத்துப் படுப்பதைப் பற்றி அவள் பேசவே மறுத்தாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: தலை தெற்கே, கால் வடக்கே. அங்கே சாமி மேடை இருந்தது.

ஆமாம், சாமி மேடையும் மகள் அறைக்குள்தான். புதுமனை புகுவிழாவின்போது ஈசான மூலை என்று ஐயர் காட்டிய இடத்தில் ஆணியடித்து மாட்டியது. ஓப்பன் கொன்செப்பில் எல்லா மூலையும் எல்லாருக்கும் சொந்தம் என்பதால் அன்றைக்கு யாரும் அதை யோசிக்கவில்லை. சாமியை இடம் மாற்றுவதென்றால் ஐயர், ஓமம், நல்ல நாள். நாள் இல்லை. கடைசியில் கட்டில் மூலைக்கு மூலை குறுக்காகப் போடப்பட்டது. கால் மட்டும் வாசல் துணித்திரையைப் பார்த்தது. அறையில் நடக்க மிச்சமிருந்த இடத்தில் ஒரு ஒல்லியான பூனை போய் வரலாம்.

அடுத்த வாரம் சன்னாசி சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார். நிரம்பி நின்ற தட்டுகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

"மச்சான், நீ இவ்ளோ படிச்ச ஆளாலா? சொல்லவே இல்ல!"

கார்த்திகேசு அடக்கமாக இருமினார். சன்னாசி சித்த வைத்தியப் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். "முட்டி வலி தாங்கல மச்சான். இத குடு, பாத்துட்டுத் தாரேன்."

"அது நடுத் தட்டுல இருக்கு மச்சான். எடுத்தா பக்கத்துல உள்ளது சாயும்."

"புத்தகம்னா படிக்கத்தானேலா?"

"இது படிக்கிற புத்தகம் இல்ல. சுவரு."

சன்னாசி அவரை மேலும் கீழும் பார்த்தார். முட்டி வலியோடு பீடோருக்குத் திரும்பிப் போய், தன் தங்கை புருஷன் அறிவைப் பூட்டி வைத்துக் காவல் காக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஷர்மினி இரண்டு வார விடுப்பில் வந்து இறங்கினாள். மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கும் சரியாக இரண்டு வாரம். கார்த்திகேசு துணித்திரையை ஒதுக்கி, "இதோ ரூம்!" என்றார். அவள் மேலே பார்த்தாள், இரண்டடி இடைவெளி தெரிந்தது. மூலையைப் பார்த்தாள், முருகனும் லட்சுமியும் தெரிந்தார்கள். குறுக்கே கிடந்த கட்டிலைப் பார்த்தாள். மடங்காத முட்டியோடு வரும் நோயாளியிடம் "நல்லா மடங்குதே" என்று சொல்லிப் பழகிய குரலில், "நல்லாருக்குப்பா" என்றாள். கார்த்திகேசு அதை அப்படியே நம்பினார்.

விடிந்ததும் விடியாததுமாகப் பிரமிளா மணியும் சாம்பிராணியுமாக உள்ளே போவாள். சாமிக்குக் காட்டிய கையோடு கட்டிலுக்கும் புகை காட்டிவிட்டு, தூக்கத்தில் கால் புத்தகத்தில் பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் மகளைச் சுவரைத் தொட்டுக் கும்பிட வைப்பாள். அதற்குப் பிறகு ஒரு மனுஷி எங்கே தூங்குவது? மகள் தொலைபேசியில் பேசினால் கார்த்திகேசு கேட்காமல் இருக்கத் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார். சத்தம் தாங்காமல் அவள் சத்தமாகப் பேசுவாள். அதனால் எல்லாம் நன்றாகவே கேட்கும். புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் குசுகுசுத்ததை உள்ளேயிருந்து அவள் திருத்தினாள்: "அந்த அத்தை பேரு தினேஸ்வரி இல்லப்பா, அது அவங்க தங்கச்சி."

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பிரமிளா படிக்க ஆரம்பித்தாள்.

தூசி துடைக்கப் போனவள், வாத்தியார் பைண்டு பண்ணிய தொடர்கதை ஒன்றை உருவி, நின்றபடியே பத்துப் பக்கம் படித்து, உட்கார்ந்து நாற்பது பக்கம் படித்து, குழம்பைத் தீய விட்டாள். சந்தைக்குப் போய்த் திரும்பிய கார்த்திகேசு கதவைத் திறந்ததும் கூடத்துத் தரையில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்திருப்பதைப் பார்த்தார். அவருக்கு ரத்தம் கொதித்தது.

"சுவருல ஓட்டை போட்டிருக்க!"

"படிக்கிறேங்க."

"முப்பது வருசமா படிக்கல, இப்பத்தான் படிக்கணுமா? புள்ள இருக்க ரூம் அது!"

"இதோட ரெண்டாம் பாகம் எங்கங்க? அந்தப் பொண்ணு கப்பல் ஏறுனிச்சா இல்லியானு தெரியணும்."

கார்த்திகேசு திருதிருவென்று விழித்தார். இரண்டாம் பாகம் அரை அங்குலம் உயரம் குறைவு. லாரியிலேயே கழித்துவிட்டிருந்தார். இந்நேரம் அது முட்டை அட்டையாகியிருக்கும். அன்று பிரமிளா அவரைப் பார்த்த பார்வையை, ரசம் இல்லாத மத்தியானச் சாப்பாடு விளக்கியது.

அதோடு விட்டாளா? தினமும் மத்தியானம் புத்தகத்தை உருவுவாள். உருவிய ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஷர்மினியின் முகம் இருக்கும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் போகாத தாயும் மகளும், ஒரு சாண் ஓட்டை வழியே மணிக்கணக்கில் பேசினார்கள். கப்பல் ஏறினாளா இல்லையா என்று தெரியாத கதைப் பெண்ணுக்கு இருவருமாகச் சேர்ந்து முடிவு கட்டினார்கள். கார்த்திகேசு வருகிற சத்தம் கேட்டால் பேச்சு நிற்கும். அவர் ஓட்டையில் ஒரு காலி மைலோ பானத்தூள் டின்னைச் செருகுவார். முப்பத்தொரு வருட அனுபவத்தில் இப்படித் தினம் ஒரே இடத்தில் ஓட்டை விழும் சரக்கை அவர் பார்த்ததில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கூடத்தில் நின்று வழக்கம்போல் கசிவு பார்த்துக்கொண்டிருந்தார். பிரமிளா உள்ளே மகளோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"ரூம் இல்லனு சொல்லிருந்தாகூட நான் வந்திருப்பேன்மா" என்றாள் ஷர்மினி. "இருக்குனு சொன்னாரு பாருங்க. அதான் கஷ்டமா இருக்கு."

"பயந்துட்டாருமா. நீ வர மாட்டேனு பயந்துட்டாரு."

"என்னைக் கேட்டிருக்கலாம்லம்மா. சுவரைக் கட்டிட்டு, நான் அதுல சாஞ்சு உக்காந்தாகூட புத்தகம் சாயும்னு பதறுறாரு."

கார்த்திகேசுவுக்கு முகம் சுட்டது. தொழிற்சாலையில் எத்தனையோ பேரை ஒரு சொட்டுக்காக நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். தன் வாயிலிருந்து கசிந்ததை ஒரு மாதமாக அகராதி வைத்து அடைத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் போய்விடுவாளே என்று பயமாக இருந்தது. மைலோ டின்னை உருவினார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

குனிந்து, ஓட்டையில் வாயை வைத்து, "ஷர்மி" என்றார். "ரூம் இல்லம்மா. அப்பா பொய் சொல்லிட்டேன்."

 ஓட்டையில் மகளின் முகம் வந்தது. கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது.

"தெரியும்பா. வந்த அன்னிக்கே தெரியும். கூரையப் பாத்தேன்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குச் சரினு சொல்லிட்டேன்பா. வேலைக்குச் சேரப் போறேன்."

கார்த்திகேசு நிமிர்ந்த வேகத்தில் தலை தட்டில் இடித்தது. வலி தெரியவில்லை. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"கிரீன்டவுன் பக்கம் ஒரு ரூம் பாத்துட்டேன். பத்து நிமிசம்தான். நாலு சுவரு, ஒரு கதவு. சாயங்காலம் சாவி குடுக்குறாங்க."

"நாலு சுவரும் கூரை வரைக்கும் இருக்கா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இருக்குப்பா."

"அப்போ நல்ல ரூம்தான்" என்றார். அந்த மாதத்தில் சுவரைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

சாயங்காலம் பெட்டி வாசலுக்கு வந்தது. பிரமிளா சம்பால் போத்தலைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஷர்மினி செருப்பை மாட்டப் போனவள் திரும்பி வந்து, நடுத் தட்டில் சித்த வைத்தியப் புத்தகத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இத எடுத்துக்கவாப்பா? முட்டி வலிக்கு என்னா சொல்லிருக்குனு பாக்கணும்."

 அந்தப் புத்தகத்துக்காகச் சன்னாசியின் உறவே முறிந்திருந்தது. கார்த்திகேசு புத்தகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தானே அதை உருவி, பக்கத்தில் சாய்ந்ததை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அவளிடம் நீட்டினார்.

"ஆனா திருப்பிக் கொண்டாந்து வைக்கணும்."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம. அப்பறம் வேற ஒண்ணு எடுத்துட்டுப் போ. ஒண்ணு ஒண்ணாத்தான் தருவேன்."

அவள் சிரித்துக்கொண்டே மின்தூக்கிக்குள் போனாள். கார்த்திகேசு கதவைச் சாத்திவிட்டு வந்தார். மைத்துனருக்கு நாளைக்குப் போன் பண்ணி ஏதாவது ஓர் அகராதியாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நடுத் தட்டில் புதிதாக ஓர் ஓட்டை. அதன் வழியே ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே குன்றின் ஒரு துண்டும் தெரிந்தன. பழக்கத்தில் கை மைலோ டின்னை எடுத்தது, கண் கடிகாரத்தைப் பார்த்தது. இரண்டு நிமிடம் நின்றார். வெளிச்சம் கசிந்துகொண்டேதான் இருந்தது. டின்னைக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தார்.

"பிரமிளா, ஞாயித்துக்கெழம என்னா சமைக்கலாம்?"

"இன்னைக்குத்தானேங்க ஞாயித்துக்கெழம" என்றாள் பிரமிளா.